போடாத ஓட்டுக்காக ஊர் ஊராகப் போனவர்

வியாழக்கிழமை காலை, இரண்டாம் பாடவேளை. பதினோராம் வகுப்புக்குப் பிரெஞ்சு வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது எங்கள் பள்ளியின் சட்டம். சட்டைப்பையில் அது மூன்று முறை அதிர்ந்தும் எடுக்கவில்லை. மணி அடித்து வெளியே வந்து பார்த்தால் செங்கோட்டுவேல் அண்ணன். திருப்பிக் கூப்பிட்டேன்.

"பிரெஞ்சு சார், உங்க மேடம் போயிட்டாங்க. காத்தால ஆறு மணிக்குங்க. சேலத்துல இருந்து ஊட்டுக்குக் கொண்டாந்துட்டு இருக்கோம்," என்றார். கூடவே, "வண்டியை வேகமா ஓட்டாதீங்க சாமி, மெதுவாவே வாங்க," என்றார். மனைவியைப் பறிகொடுத்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்திலும் என் வண்டியைப் பற்றிக் கவலைப்பட அந்த மனிதரால் முடிந்தது. நான் நாமக்கல்லிலிருந்து புதுச்சத்திரம் போகும் வரை அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

பேராசிரியர் நல்லம்மாளை உங்களில் பலருக்குத் தெரியும். அரசுக் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவர். சிலருக்கு ஆசிரியர், சிலருக்குச் சக ஆசிரியர், சிலருக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்கா. எனக்கு அவர் இவை எதுவும் இல்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள். நான்கு ஆண்டுகள், மழை பெய்தாலும் நோம்பி பண்டிகை வந்தாலும், ஞாயிறு பத்து மணிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்துக்கு வேலை செய்தோம்.

அவரைப் பற்றி ஒரு பேச்சு நம் வட்டாரத்தில் உலவுகிறது. "புத்தகத்துல தப்பா எழுதிட்டு, அப்புறம் தானே ஊர் ஊராப் போய்ச் சீட்டு ஒட்டுன அம்மா" என்று. அதில் பாதி உண்மை, பாதி பொய். பொய்யான பாதிக்கு நான்தான் காரணம். அதை உடைத்துச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சலி எழுதுகிறவன் தன்னைப் பற்றி எழுதக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எழுதாமல் தீராது.

புத்தகம் எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வலதுசாரிகள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கட்சி அல்ல, குழு. அங்கே நிலைக்குழுக்களில் நாற்காலி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு குழுவில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். தனியாள் என்றால் மூலையில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் இவர்களும் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் குழுவானார்கள். வெளியே மேடையேறினால் நாடாளுமன்றமே அழுகிப் போயிற்று என்று தொண்டை கிழியத் திட்டுவார்கள். உள்ளே வந்தால் அதே நாடாளுமன்றத்தில் நாற்காலி கேட்பார்கள். ஒரு தேர்தலுக்குப் பின் தோன்றி, அடுத்த தேர்தலுக்குள் காணாமல் போன குழு. பிரெஞ்சுக்காரர்களே மறந்துவிட்டார்கள். குழுவின் பெயரை இங்கே எழுதினால் அந்தப் பெயருக்கு அரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே பெயரில் 'இடது' என்று சேர்த்துக்கொண்டவர்களெல்லாம் இருந்த சபை அது. விட்டுவிடுகிறேன்.

இதைப் போய்ப் புதுச்சத்திரத்தில் உட்கார்ந்து ஏன் எழுத வேண்டும் என்று அவரைக் கேட்காதவர் இல்லை. நானும் கேட்டேன். அவர் மரவள்ளிக்கிழங்குச் சிப்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "எங்க ஊரு பால் சொசைட்டியில அஞ்சு டைரக்டருங்க தனி அணின்னு கெளம்புனாங்க. ஆறு மாசம்கூட நிக்கலை. ஆனா அந்த ஆறு மாசத்துல பேசிப் பழகுனதைத்தான் இன்னிக்கு வரைக்கும் பேசிட்டுத் திரியறாங்க. பெரிய கட்சிங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேரு இருக்காங்க சார். குழு கலைஞ்சு போனா ஆளும் கலைஞ்சு போயிருவானுங்களா? அவன் எங்க போனான், என்ன பண்ணான்னு யாராவது பாக்கோணுமில்லீங்க?"

அதைத்தான் பார்த்தார். குழுவில் கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நீள நோட்டு. பிறந்தது, படித்தது, எந்தத் தொகுதி, எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார், குழு கலைந்த பின் யாரோடு போய்ச் சேர்ந்தார் என்று வரிசையாக எழுதுவார். ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி இருக்கும்: 1940இல் என்ன செய்தார்? அந்த ஆண்டுதான் ஜெர்மனியிடம் தோற்ற பிரெஞ்சு நாடாளுமன்றம் வெந்நீர் ஊற்று நகரம் ஒன்றில் கூடி, அதிகாரம் முழுவதையும் ஒரு கிழட்டுத் தளபதியிடம் தூக்கிக் கொடுத்து, தன் கதையைத் தானே முடித்துக்கொண்டது. பெரும்பாலோர் 'ஆம்' என்றார்கள். ஒரு சிறு கூட்டம் 'இல்லை' என்றது. சிலர் அங்கே இல்லவே இல்லை. நாடாளுமன்றத்தைத் திட்டிக்கொண்டே அதில் நாற்காலி கேட்ட தன் ஆட்கள், அதை இழுத்து மூடும் நாள் வந்தபோது எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் மேடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர்களை அவருக்குத் துளியும் பிடிக்காது. அதை மறைத்ததும் இல்லை.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்றால், ஒருநாள் அவர் எங்கள் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். எங்களுடையது நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி. இங்கே பிரெஞ்சு என்பது மொழி அல்ல, மதிப்பெண். தமிழில் எண்பத்தைந்து வாங்கும் பிள்ளை பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு வாங்கும். பிரெஞ்சில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. அந்தப் பாடத்தைப் பதினோரு வருடமாக நடத்திக்கொண்டிருந்தவன் நான். காவலாளி அவரைப் பெற்றோர் என்று நினைத்து, "பேரண்ட்ஸ் மீட்டிங் சனிக்கிழமைங்கம்மா," என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார். "எனக்குப் புள்ளை வேண்டாங்க, வாத்தியார்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஏனுங்க, நீங்கதான் பிரெஞ்சு சாருங்களா? இதுல ஒரே ஒரு பக்கம் படிச்சுச் சொல்லோணும்."

பழைய பிரெஞ்சு அரசிதழின் நகல். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "இன்னிக்கு ஏன் முடியாதுங்க?" என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்குப் பாடப்புத்தகத்துப் பிரெஞ்சுதான் மேடம் தெரியும்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கு அதுவும் தெரியாதுங்க. ரெண்டு பேரும் சேந்து முட்டிப் பாக்கலாம், ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க."

அப்படித்தான் தொடங்கியது. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். பேச்சில் 'ங்க' அவ்வளவாக வராது. "உங்க ஊருல மரியாதைக்கு ரேஷன் போட்டிருக்காங்களா சார்?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கிண்டல் செய்வார். செங்கோட்டுவேல் அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். ஆண்டில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார். வீட்டில் இருக்கும் ஞாயிறுகளில் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மேசைமேல் பரந்து கிடக்கும் தாள்களைப் பார்த்து, "எண்ணூறு அடி போயும் புகைதான் வருதுன்னா நான் மூடிட்டுக் கெளம்பிருவேன். இவிய உடமாட்டாங்க, இன்னும் ராடு எறக்குவாங்க," என்பார். மேடம் தலை நிமிராமலே, "தண்ணி வரும், நீங்க போய்ச் சக்கரை எடுத்துட்டு வாங்க," என்பார்.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன்.

1940 வாக்கெடுப்புப் பட்டியலின் நகல் கைக்கு வந்த ஞாயிறு. யார் 'ஆம்', யார் 'இல்லை' என்று பெயர் பெயராக இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் ஒரு மாவட்டத்தின் பெயர். "இது என்னங்க?" என்று மேடம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. நம் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். தாய்மாமன், சித்தப்பன், பங்காளி என்று அத்தனை பேர் பெயரோடும் ஊர் இருக்கும். பிழைக்கப் போய் நாற்பது வருடம் சூரத்தில் துணி விற்றாலும் பத்திரிகையில் அவர் ஆட்டையாம்பட்டிக்காரர்தான். அந்தப் பழக்கத்தில், "சொந்த ஊர், மேடம்," என்றேன்.

அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மூணு பேரை ஒத்துப் பாத்துருவோம்," என்றார். மூன்று பேருடைய நோட்டை எடுத்துப் பிறந்த மாவட்டத்தோடு ஒப்பிட்டோம். மூன்றும் பொருந்தின. பொருந்தாமல் எப்படிப் போகும்? பெரும்பாலானவர்கள் பிறந்த மாவட்டத்திலேயே தேர்தலில் நின்றவர்கள். அடைப்புக்குறிக்குள் இருந்தது அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மாவட்டம். பிறந்த மாவட்டம் அல்ல. சின்ன விஷயம். பாடப்புத்தகத்துக்கு வெளியே நாலு பக்கம் படித்த எந்தப் பிரெஞ்சு ஆசிரியனுக்கும் தெரிந்திருக்கும்.

குழுவில் ஒருவர் மலை மாவட்டம் ஒன்றிலிருந்து தேர்வானவர். பிறந்ததோ கடற்கரை மாவட்டத்தில். நாங்கள் அவரை மலைக்காரர் என்றே சொல்வோம். கூட்டத்திலேயே வாய் அதிகம் அவருக்குத்தான். அகதிகளையும் தொழிற்சங்கக்காரர்களையும் திட்டி அவர் பேசிய பேச்சை மொழிபெயர்க்கும்போது மேடம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். பட்டியலில் 'ஆம்' என்றவர்கள் வரிசையில் மலைக்காரரின் குடும்பப் பெயர் இருந்தது. அடைப்புக்குறிக்குள் கடற்கரை மாவட்டம். நான் சொன்ன விளக்கப்படி அது அவரேதான். உண்மையில் அது அதே குடும்பப் பெயர் கொண்ட வேறோர் ஆள், கடற்கரையிலிருந்து தேர்வானவர். எங்களுக்கு அது தெரியாது. மேடம் மலைக்காரரின் அத்தியாயத்தை, "இத்தனை காலம் தான் உட்கார்ந்திருந்த வீட்டை அவர் தன் கையாலேயே பூட்டினார்" என்று முடித்தார். புத்தகத்திலேயே நல்ல வரி அதுதான் என்று படித்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

சேலத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டார். கல்லூரி நூலகங்களுக்கும் கிளை நூலகங்களுக்கும் போயின. பல்கலைக்கழகம் ஒன்று முதுகலை மாணவர்களுக்கான பார்வை நூல் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கடிதம் வந்த அன்று எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் பெரிய அளவு.

ஓர் ஆண்டு கழித்து, வேறொரு வேலையாகப் புதுச்சேரி போனவர் அங்கே ஒரு நூலகத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றப் பழைய உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பு அகராதியைப் புரட்டியிருக்கிறார். மதியம் எனக்கு அழைப்பு வந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பிரெஞ்சு சார், மலைக்காரரு அந்த ஓட்டைப் போடலைங்க."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"அதுக்கு முந்துன எலெக்சன்லயே தோத்துட்டாருங்க. சபைக்குள்ளயே இல்லை. ஓட்டுப் போட்டது இன்னொரு ஆளு. அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது தொகுதிங்க, ஊரு இல்லை."

நான் அப்போது சொன்ன பதிலை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "யாருக்குத் தெரியப் போவுது மேடம்?" என்றேன். அவர், "எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே," என்றார்.

அந்த ஞாயிறு ஒரு திருத்தச் சீட்டு எழுதினார். நாலே வரி. 'மலை மாவட்ட உறுப்பினர் அந்த வாக்கை அளிக்கவில்லை. அப்போது அவர் உறுப்பினரே அல்லர். இந்தப் பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிழை நான் சொன்னது அல்லவா? 'மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை' என்றாவது போடுங்கள் என்றேன். "அட்டையில யாரு பேருங்க இருக்குது?" என்று கேட்டார். "அதுவும் இல்லாம, உங்க பள்ளிக்கூடத்துல இது தெரிஞ்சா உங்களை வெச்சுக்குவாங்களா? ரெண்டு புள்ளைங்க படிக்குது உங்களுக்கு. நான் ரிட்டயர்டு ஆனவ. வெசனப்படாதீங்க சாமி, சும்மா இருங்க." சும்மா இருந்துவிட்டேன். வெளியே தயங்குவது போலக் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தபாலில் அனுப்பினால் சீட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் நேரிலேயே போனார். கிழங்கு மாவில் பசை காய்ச்சித் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொள்வார். பேருந்துதான். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, எங்கள் ஆத்தூர். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போனேன். ஜலகண்டாபுரத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகர் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டிப் பின்னட்டையைக் காட்டினார். ஒரு முத்திரைகூட விழவில்லை. "யாருமே எடுத்ததில்லைங்க மேடம். இதுல ஒட்டித்தான் என்ன ஆவப்போவுது?" என்றார் பரிதாபமாக.

"ஒருநாளைக்கு ஒருத்தர் எடுப்பாங்கல்லங்க, அவங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மேடம் தூக்குச் சட்டியைத் திறந்தார். ஒட்டிய பிறகு உடனே மூடவிட மாட்டார்; பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பார். விரித்தபடி மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் கேட்டேன்: இத்தனை கேடுகெட்ட பேச்சுப் பேசிய ஆளுக்காகவா மேடம் இந்த அலைச்சல் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்காக யாருங்க அலையறது? புடிக்காதவனைப் பத்திக் கெட்டது கெடைச்சா கை தானா எழுதிருது சார். என்ற கையும் எழுதிருச்சு. நல்லாப் பாத்திருந்தா தப்பு சிக்கியிருக்கும். நமக்குப் புடிக்காதவன்னா அங்கதான் பேனாவைக் கீழ வெச்சுட்டு இன்னொருக்காப் பாக்கோணும்."

ஆட்டையாம்பட்டியில் புத்தகம் நூலகத்தில் இல்லை. ஒருவர் எடுத்துப் போய்த் திருப்பவில்லை. விலாசம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். விசைத்தறி ஓட்டிக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அபராதம் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பதறிவிட்டார். "பிரெஞ்சுப் புரட்சின்னு நெனச்சு எடுத்துட்டு வந்துட்டேங்க. பொறவு பாத்தா வேற என்னமோ. ஆனா முழுசும் படிச்சுட்டேங்க. அந்த மலைக்காரன் பாடம்தாங்க சூப்பரு," என்றார்.

"அந்தப் பாடம்தாங்க சாமி தப்பு," என்று மேடம் விவரத்தைச் சொன்னார். அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

"அப்ப அவன் நல்லவனுங்களா?"

"இல்லீங்க. அவன் அங்க இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததை எழுதப்படாது."

அந்த மனிதர் சீட்டைத் தன் கையாலேயே ஒட்டினார். எனக்கு அன்று மேடத்தின் மீது பெருமையும் என் மீது எரிச்சலும் ஒன்றாக வந்தன.

சீட்டு ஒட்டியதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். கருத்தரங்கு ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தவர்கள் கூப்பிடவே இல்லை என்பது போல இருந்துவிட்டார்கள். 'பிரெஞ்சு தெரியாமல் பிரான்சைப் பற்றி எழுதியவர்' என்ற பேச்சு பரவியது. ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் தேநீர் இடைவேளையில் என் முன்னாலேயே ஒருவர் சொல்லிச் சிரித்தார். நான் கரைந்து போன சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். மேடத்திடம் போய் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, "பேசறவங்க பேசட்டும், நீங்க ரெண்டாம் பதிப்புக்கு அந்த அத்தியாயத்தை மொதல்ல இருந்து பாருங்க," என்றார். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. இந்த முறை ஒவ்வொரு பெயரையும் இரண்டு இடத்தில் ஒத்துப் பார்க்காமல் நோட்டில் ஏற்றவில்லை.

சிறுநீரகம் பழுதாகி, ரத்தச் சுத்திகரிப்புக்காகச் சேலத்துக்கு வாரம் இரண்டு முறை போகத் தொடங்கிய பிறகும் வேலை நிற்கவில்லை. ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும். மறு கையில் திருத்தப்படி இருக்கும். செவிலியர் வந்து, "அம்மா, கொஞ்சம் தூங்குங்களேன்," என்றால், "தூங்கறதுக்கு நெறைய நேரம் கெடக்குது கண்ணு," என்பார். பக்கத்தைத் திருப்ப முடியாதபோது நான் திருப்பிக் கொடுப்பேன். அங்கேதான் ஒருநாள் துணிந்து கேட்டேன்: "இரண்டாம் பதிப்பு முன்னுரையில் என் பேரைப் போட்டு நடந்ததை எழுதிருங்க மேடம்."

"நான் எழுத மாட்டேங்க. நான் எழுதுனா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். எழுதறதுன்னா நீங்களே எழுதோணும். எழுதலைன்னாலும் ஒண்ணும் இல்லீங்க, ஞாயித்துக்கெழமை வந்துருங்க." இதுதான் இந்த விஷயத்தில் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதன் பிறகு ஆறு ஞாயிறுகள் போனேன். அவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை அவருடைய கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவரோடு இருபது ஆண்டு ஒரே துறையில் இருந்த பேராசிரியர் ஒருவர் பேசினார். எனக்கும் அவருக்கும் ஆகாது. மேடத்தின் வேலையை ஒருமுறை 'வேலையத்த வேலை' என்று சொன்னவர். அவர் மேடையில் சொன்னார்: "மேடம் ஒரு தப்புப் பண்ணாங்க. பிரெஞ்சு தெரியாமப் பண்ணுன தப்பு. ஆனா ஒத்துக்கிட்டாங்க." கூட்டம் தலையாட்டியது. நான் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒலிவாங்கி என் பக்கம் வந்தது. "பிரெஞ்சு சார், ரெண்டு வார்த்தை பேசறீங்களா?" என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டினேன். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று பேசாததை இன்று எழுதுகிறேன். அந்தப் பிழை என்னுடையது. அடைப்புக்குறிக்குள் இருப்பது சொந்த ஊர் என்று சொன்னவன் நான். பிரெஞ்சு தெரியாமல் தப்புச் செய்தவர் மேடம் அல்ல. தெரியும் என்று சொல்லிப் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் நான். இது அச்சாவதற்கு முன்பே எங்கள் பள்ளி முதல்வரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "இதை எதுக்கு சார் இப்பப் போய்?" என்றார். இப்போதாவது சொல்ல வேண்டும் சார் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். என்ன முடிவு வந்தாலும் வரட்டும். நோட்டுகள் அத்தனையையும் செங்கோட்டுவேல் அண்ணன் என் வண்டியில் ஏற்றிவிட்டார். இரண்டாம் பதிப்பு வரும். முன்னுரையில் இதே வாக்கியங்கள் என் பெயரோடு இருக்கும். புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர்கள் மறுபடி படித்துவிட்டுப் பேசட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை முதலில் எழுதியபோது, அந்தப் பேராசிரியர் மேடையில் இளித்துக்கொண்டே அதைச் சொன்னார் என்று எழுதியிருந்தேன். எழுத எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது. பிறகு கை நின்றது. கூட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்த ஒரு மாணவியைத் தேடிப் பிடித்து வாங்கிப் பார்த்தேன். அவர் இளிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் நான் காதில் வாங்காத வரி ஒன்றும் அதில் இருந்தது: "எங்க துறையில மத்த யாரு பேருலயும் தப்பே கெடையாதுங்க. ஏன்னா நாங்க யாரும் ஒரு வரிகூட எழுதலை."

திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். அப்படியேதான் சொல்லியிருந்தார். அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. 'இளித்துக்கொண்டே' என்பதை அடித்துவிட்டேன். மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.